கடலுக்கும் ஒரு பங்கு

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் வந்து சேர்ந்தது. சுற்றி வளைக்காமல் கேட்டிருக்கிறீர்கள். அமெரிக்காவில் அணைகளை எடுத்த பிறகு கடற்கரை வளர்ந்ததாக ஒரு படத்தில் பார்த்தீர்கள். முல்லைத்தீவுக் கரையில் வாடைக்காற்றுக் காலத்து அலை வாடிகளின் காலடி வரை வருகிறது. வன்னிக் குளங்கள் மண்ணை மறித்து வைத்திருப்பதுதான் இதற்குக் காரணமா, கட்டுகளை எடுத்தால் கரை திரும்பி வருமா என்பது உங்கள் கேள்வி. கிளிநொச்சியில் ஒரு தேநீர்க் கடையில் இருந்து இதை உரக்கக் கேட்டுப் பாருங்கள், குடித்த தேநீர் இறங்காது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் குடிக்கக் கொடுப்பதா என்பதற்கே எவ்வளவு சண்டை நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் கேள்வி நியாயமானது.

நீங்கள் பார்த்த ஆறு எல்வாவாக இருக்க வேண்டும். வொஷிங்டன் மாநிலத்தில், மலையிலிருந்து நேரே இறங்கி யுவான் டி ஃபூகா நீரிணையில் விழுகிற சின்ன ஆறு. 1913இல் அதில் ஓர் அணை, 1927இல் அதற்கு மேலே இன்னோர் அணை. மேலே இருந்த கிளைன்ஸ் கன்யன் அணை அறுபது மீற்றருக்கு மேல் உயரம். நீர்மின்சாரத்துக்காகக் கட்டியவை. சால்மன் மீன் ஏறிவர வழியில்லாமல் போனது. அங்கே காலங்காலமாக வாழ்ந்த கீழ் எல்வா கிளாலம் மக்கள் மீனையும் இழந்தார்கள், கழிமுகத்துச் சிப்பிக் கரையையும் இழந்தார்கள். மணல் வராததால் கரை தேய்ந்து, கடைசியில் கூழாங்கல்தான் மிஞ்சியது. 2011 செப்டெம்பரில் இடிக்கத் தொடங்கி 2014இல் முடித்தார்கள். ஒரே நாளில் இடிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கொஞ்சம் வெட்டுவார்கள், ஆறு சேற்றை இழுத்துப் போக விடுவார்கள், மீன் ஏறும் காலத்தில் வேலையை நிறுத்துவார்கள். மூன்று ஆண்டு இப்படித்தான் போனது.

அடுத்த சில ஆண்டுகளில் ஏறத்தாழ இரண்டு கோடி தொன் மண் அணைகளுக்குப் பின்னாலிருந்து கிளம்பியது. அதில் பத்தில் ஒன்பது பங்கு கடலைச் சேர்ந்தது. முதலில் அது முகத்துவாரத்துக்கு முன்னால் நீருக்கடியில் திட்டாகக் கிடந்தது. பிறகு அலை அதைத் தள்ளித் தள்ளி மேலே ஏற்றி மணல்திடலாக்கியது. திடல்கள் கரையோடு ஒட்டின, ஒட்டிய மணல் இரு பக்கமும் பரவியது. உங்கள் படத்தில் வந்த புதுக் கரை இதுதான். கூழாங்கல் கிடந்த இடத்தில் மணல். மணலுக்குள் புதைந்து வாழும் சிறுமீன்களும் நண்டுக் குஞ்சுகளும் வந்தன.

அந்தப் படம் காட்டாத பக்கமும் இருக்கிறது. தண்ணீர் கலங்கியதால் வெளிச்சம் அடிக்குப் போகவில்லை. முகத்துவாரத்தை ஒட்டியிருந்த பெரிய கடற்பாசிக் காடுகள் பெரும்பாலும் அழிந்தன. மண் மூடிச் செத்தவற்றைவிட இருட்டில் செத்தவை அதிகம். நீர் தெளியத் தெளியப் பாசி திரும்பத் தொடங்கியது, ஆனால் கல்லாக இருந்து மணலாக மாறிவிட்ட இடத்தில் பழைய காடு எப்படி வரும்? பழைய கழிமுகம் கடலிலிருந்து விலகி உவர்ப்புக் குறைந்துபோனது, அதற்கு வெளியே புதிய கழிமுகம் ஒன்று உண்டானது. நுண்ணிய சேற்றில் பெரும்பகுதியை நீரோட்டம் ஆழத்துக்குக் கொண்டுபோய்விட்டது. வந்த மண்ணில் கரையாக நின்றது ஒரு பங்குதான். அது வெறும் மீட்சி என்று நான் சொல்லமாட்டேன். ஒரு கடற்கரை போய் இன்னொரு கடற்கரை வந்தது. வந்தது நல்லது என்பது அங்குள்ளவர்களின் தீர்ப்பு. 2023இல் கிளாலம் மக்கள் அந்த ஆற்றில் மறுபடி சால்மன் பிடித்தார்கள்.

ஜப்பானில் குமா ஆற்றில் இருந்த அராசே அணையையும் 2012 முதல் 2018 வரை படிப்படியாக எடுத்தார்கள். கீழே யத்சுஷிரோ கடலின் சேற்றுத் தரையில் மீண்டும் மணல் படிந்தது. அந்த அணைக்கு எதிராகக் குரல் கொடுத்தவர்களில் மீனவர்களும் இருந்தார்கள் என்பது உங்களுக்குப் பிடிக்கும்.

இனி எங்கள் பக்கம் வருவோம். எல்வா மலை ஆறு, வருடம் முழுக்க ஓடுவது. கனகராயன் ஆறு வவுனியாப் பக்கம் தொடங்கித் தட்டையான காட்டு நிலத்தில் வடக்கே ஊர்ந்து, கார்த்திகை மார்கழியில் மட்டும் ஆறு என்று சொல்லும்படி ஓடுகிறது. சரிவு குறைந்த இடத்தில் ஆறு சுமக்கிற மணலும் குறைவு. 1902இல் தொடங்கி 1920 அளவில் முடிந்த இரணைமடுவில் நூறு ஆண்டு வண்டல் கிடக்கிறது, உண்மைதான். ஆனால் அதை எல்வா மண்ணோடு எடைபோட முடியாது.

அதைவிடப் பெரிய வேறுபாடு ஒன்று உண்டு. எங்கள் கிழக்குக் கரையில் ஆறுகள் கடலில் விழுவதில்லை, நீரேரியில் விழுகின்றன. கனகராயன் ஆறு ஆனையிறவு நீரேரிக்கும் சுண்டிக்குளத்துக்கும் போகிறது. முத்தையன்கட்டுக் குளத்தைத் தாண்டிவரும் பேராறு நந்திக்கடலுக்குப் போகிறது. தெற்கே நாயாறும் கொக்கிளாயும் அப்படியே. மேலே ஒரு கட்டை எடுத்தால் வருகிற மண் முல்லைத்தீவுக் கரையில் மணலாக ஏறாது. நீரேரியின் வாயில் விசிறிபோல் விரிந்து படிந்து, இறால் வளருகிற ஆழமற்ற நீரைத் தூர்த்துவிடும். நீங்கள் கரையைக் கேட்டு நீரேரியை இழப்பீர்கள். இரணைமடுவை நம்பி வயல் செய்கிறவர்களும் தங்கள் காலபோகத்தையும் சிறுபோகத்தையும் இழப்பார்கள். குளக்கட்டை எடுக்க வேண்டாம் என்பதே என் பதில். உடைப்பு என்றால் என்னவென்று வன்னிக்குச் சொல்லித்தர வேண்டியதுமில்லை. 2009 சனவரியில், போரின் நடுவே, கல்மடுக்குளத்தின் கட்டு தகர்க்கப்பட்டபோது பார்த்திருக்கிறோம்.

ஆனால் அணை என்றால் ஆற்றின் குறுக்கே நிற்பது மட்டும்தானா? வடக்கில் கடலுக்கும் நீரேரிக்கும் நடுவே நாங்கள் போட்ட அணைகள் இருக்கின்றன. பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1954இல் முன்வைத்த யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு என்ற திட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஆனையிறவுப் பாலங்களின் திறப்புகளை மூடி, சுண்டிக்குளத்தில் கட்டும் வானும் போட்டு, மாரி வெள்ளத்தை நீரேரிக்குள் மறித்து நன்னீராக்கி, முள்ளியான் வாய்க்கால் வழியாக வடமராட்சிக்குக் கொண்டுபோவது. வரைபடத்தில் அழகான திட்டம். ஆனையிறவில் மூடினார்கள், சுண்டிக்குளத்தில் கட்டினார்கள், கட்டை வெள்ளம் உடைத்தது. வாய்க்கால் வேலை முடியவில்லை. மூடிய பாலத்தால் யாழ்ப்பாண நீரேரிக்கும் ஆனையிறவு நீரேரிக்கும் இடையில் நீர் போய்வருவது நின்றது. கோடையில் ஒரு பக்கம் உப்பு இறுகுகிறது.

அந்தத் திட்டத்தை இன்றும் ஆதரிப்பவர்கள் சொல்கிற ஒரு வாதம் எனக்கு உடன்பாடில்லை. மாரித் தண்ணீர் கடலில் வீணாகப் போகிறது என்பார்கள். இறால் கடலில் முட்டையிடுகிறது. குஞ்சு நீரேரிக்குள் வந்து வளருகிறது. மாரி வெள்ளம் வந்து முகத்துவாரம் திறக்கும்போது வளர்ந்த இறால் வெளியே இறங்குகிறது. நந்திக்கடல் ஓரத்து வட்டுவாகலில் வலை போடுகிறவருக்கு அந்த வெள்ளம் வீண் தண்ணீரா? (கடலில் வீணாகக் கலக்கிறதென்று சொன்ன அதே தண்ணீரைக் கடலிலிருந்து எடுத்து உப்பு நீக்கி யாழ்ப்பாணத்துக்குக் கொடுக்க 2024இல் தாளையடியில் ஆலை திறந்தோம்.)

எல்வாவிலிருந்து நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டியது இடிப்பதை அல்ல, திறந்து மூடுகிற பக்குவத்தை. மாரியில் நந்திக்கடல் நிரம்பும்போது முகத்துவாரத்து மணலை எப்போது வெட்டுவது என்று ஒவ்வொரு தடவையும் இழுபறி வருகிறதே, அதுதான் வன்னியின் அணை அகற்றல். வயலில் தண்ணீர் நிற்கிற கமக்காரர் இன்றைக்கே வெட்டு என்பார். இறால் இன்னும் பருக்கவில்லை, பொறு என்பார் மீன்பிடித் தொழிலாளி. இரண்டு பேரும் சொல்வது சரி. அளந்து பார்த்து, நீர்மட்டம், உவர்ப்பு, இறாலின் அளவு மூன்றையும் குறித்து வைத்துக்கொண்டு முடிவெடுத்தால் சண்டை குறையும். 2018 டிசெம்பர் வெள்ளத்தில் இரணைமடு வான்கதவுகளைத் திறந்த நேரம் பற்றி விசாரணை வரை போனது. அந்தப் பேச்சில் வயலும் வீடும் வந்தன. நீரேரி வரவில்லை.

சரி, மணல் எங்கே போகிறது? குளத்துக்கு மேலே தங்குவதைப் பற்றி நீங்கள் கேட்டீர்கள். குளத்துக்குக் கீழே பாருங்கள். கனகராயன் ஆற்றிலும் தருமபுரத்துக்கு அப்பால் கல்லாற்றிலும் இரவில் டிப்பர்கள் ஏற்றுவது எது? ஆறு தன் வெள்ளத்தில் உருட்டிக் கொண்டுவர வேண்டிய மணல். மகா ஓயாவில் இதைத்தான் அள்ளினார்கள், நீர்கொழும்புக்கு வடக்கே கரை கரைந்து, கடலுக்குள் கல் கொட்ட வேண்டி வந்தது. மண்ணை அணை மறித்தால் என்றோ ஒரு நாள் விடலாம். கொழும்பில் வீட்டுச் சுவராகிவிட்ட மணலை யார் திருப்பித் தருவார்?

கடற்கரை மணலும் தப்பவில்லை. புல்மோட்டையில் இல்மனைற் மணல் பல பத்தாண்டுகளாக அள்ளப்படுகிறது. ஒவ்வொரு வடகீழ்ப் பருவமும் அலை அந்தக் கரையை மறுபடி நிரப்பும் என்பதுதான் அந்தத் தொழிலின் கணக்கு. நிரப்புகிற மணல் எங்கிருந்தோ வர வேண்டும். இப்போது அந்தத் தோண்டல் கொக்கிளாய்ப் பக்கம் நகரும்போது, கரைவலைக்காரர் எதிர்த்து நிற்பது வெறும் காணிப் பிரச்சினை அல்ல.

ஆகவே கரை ஏன் தேய்கிறது என்று உங்கள் மீனவர் சங்கக் கூட்டத்தில் யாராவது கேட்டால், முதல் பழியைக் குளத்தின் மேல் போடாதீர்கள். ஆற்று மணல், கரை மணல், அடைபட்ட வாய்கள் என்கிற வரிசையில் பேசுங்கள். குளத்தின் முறை அதற்குப் பிறகுதான். அப்போதும் கேட்க வேண்டியது கட்டை எடு என்றல்ல, மாரியில் இத்தனை நாள் இவ்வளவு நீர் கீழே போக வேண்டும் என்பதுதான்.

ஒரு வேண்டுகோளோடு நிறுத்துகிறேன். அடுத்த மாரி தொடங்குமுன் உங்கள் சங்கத்தின் பேரில் மாவட்டச் செயலகத்துக்கு ஒரு கடிதம் போடுங்கள். பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் குளத்து நீரைப் பங்கிடும்போது நீரேரித் தொழிலாளர் இருவருக்கு இருக்கை வேண்டும் என்று கேளுங்கள். கமக்காரர் அமைப்புகளுக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள், அவர்களைத் தாண்டிப் போனதாக இருக்கக் கூடாது. பதில் வந்தால் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அண்ணன்
கிளிநொச்சி