சோற்றில் உள்ள செலீனியம்: கொஞ்சம் வேணும், கூடினால் கேடு



இரும்புச் சத்து பற்றியும் அயடின் பற்றியும் கிளினிக்கிலே மருத்துவமாது சொல்லக் கேட்டிருப்பீங்க. இந்த இதழில் நாம் படிக்கப்போவது அதிகம் பேர் கேள்விப்படாத ஒரு சத்தைப் பற்றி. அதன் பெயர் செலீனியம். நாம் தினமும் சோறு சாப்பிடுகிறவர்கள் என்பதால் இது நமக்கும் சம்பந்தப்பட்ட விஷயம்தான்.

எவ்வளவு வேணும்?

செலீனியம் மண்ணில் இருக்கும் ஒரு தாதுப்பொருள். உடம்பின் நோய் எதிர்ப்புச் சக்திக்கும், இருதயத் தசைக்கும், கழுத்தில் உள்ள தைரொயிட் சுரப்பி ஒழுங்காக வேலை செய்வதற்கும் இது தேவை. அமெரிக்க அளவுகோலின்படி வளர்ந்தவருக்கு ஒரு நாளைக்கு 55 மைக்ரோகிராம், கர்ப்பிணிக்கு 60, பாலூட்டும் தாய்க்கு 70 தேவை. ஒரு கிராமில் பத்து லட்சம் மைக்ரோகிராம் உண்டு. கணக்குப் போட்டுப் பாருங்க: ஒரே ஒரு கிராம் செலீனியம் ஒருவருக்கு ஏறக்குறைய 50 வருஷத்துக்குப் போதும்! ஆனால் தினமும் 400 மைக்ரோகிராமுக்கு மேலே போகக்கூடாது. போனால் அதுவே நஞ்சு.

மண்ணில் இல்லாவிட்டால் சோற்றிலும் இல்லை

நெல் தானாகச் செலீனியத்தை உண்டாக்காது. மண்ணில் இருந்தால்தான் மணியில் வரும். இதற்குச் சீனாவில் நடந்த இரண்டு விஷயங்களைச் சொல்லலாம்.

வடகிழக்கில் கேஷான் என்ற மாவட்டத்தில் 1935 இல் ஒரு இருதய நோய் கண்டறியப்பட்டது. சிறு பிள்ளைகளும், பிள்ளை பெறும் வயதுப் பெண்களுமே அதிகம் பாதிக்கப்பட்டார்கள். அவர்கள் சொந்த நிலத்தில் விளைந்த தானியத்தையே நம்பியிருந்த குடும்பத்தினர். செலீனியம் குறைவாக இருந்ததும், அதோடு ஒரு வைரஸ் கிருமி சேர்ந்ததுமே காரணம் என்று பிறகு தெரிந்தது. 1970களில் பிள்ளைகளுக்குச் செலீனிய மாத்திரை கொடுத்ததும் நோய் வெகுவாகக் குறைந்தது.

அதே சீனாவில் என்ஷி என்ற இடத்தில் மண்ணில் செலீனியம் மிதமிஞ்சி இருந்தது. 1960களின் ஆரம்பத்தில் அங்கே ஆட்களுக்கு முடியும் நகமும் உதிர்ந்தன. ஒரே நாட்டில் ஓரிடத்தில் குறைந்து நோய், இன்னோரிடத்தில் கூடி நோய்!

நெல்லில் எப்படிக் கூட்டுகிறார்கள்?

தேயிலைக்குச் சிங்க் சல்பேட் கரைத்து இலைமேல் அடிப்பதைப் பார்த்திருப்பீங்க. இதுவும் ஏறக்குறைய அப்படித்தான். வயலில் தண்ணி நிற்பதால் மண்ணில் போடும் செலீனியத்தில் பெரும்பகுதி வேர் எடுக்க முடியாத நிலைக்கு மாறிவிடும். அதனால் கதிர் வெளிவரும் காலத்தில் இலைமேல் தெளிக்கிறார்கள். ஏக்கருக்குச் சில கிராம் போதும். பயிர் அதை உறிஞ்சி, நம் உடம்பு சுலபமாக எடுத்துக்கொள்ளும் உருவத்துக்கு மாற்றி, மணியில் சேர்த்து வைக்கிறது.

ஒரு வித்தியாசம் உண்டு. சிங்க் தேயிலைச் செடிக்கே தேவை. அடித்தால் கொழுந்து கூடும். செலீனியத்தால் நெல் விளைச்சல் கூடும் என்று சொல்ல முடியாது. பலன் சாப்பிடுகிறவருக்குத்தான். ஆகவே விவசாயி தன் கைக்காசைப் போட்டு அடிப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. இது அரசாங்கம் முன்னின்று செய்ய வேண்டிய வேலை. பின்லாந்து நாடு 1984 இல் உரத்திலேயே செலீனியம் கலக்க முடிவு செய்தது. கோதுமையிலும் பாலிலும் அளவு கூடியது. மக்களின் உடம்பிலும் கூடியது. தேவைக்கு மேலே போகிறது என்று கண்டதும் 1990 இல் உரத்தில் கலக்கும் அளவைக் குறைத்தார்கள். அளந்து போட்டார்கள், அளந்தும் பார்த்தார்கள்.

சீனா 2008 இல் செலீனியம் கூடிய நெல்லுக்கு ஒரு தரம் வகுத்தது: கிலோவுக்கு 0.04 முதல் 0.30 மில்லிகிராம். ஒருவர் நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டால் 12 முதல் 90 மைக்ரோகிராம் வரை கிடைக்கும்.

நம்ம நாட்டில்?

இலங்கைக் கிராமங்களில் மண், அரிசி, குடிதண்ணீர், பெண்களின் தலைமுடி ஆகியவற்றைச் சோதித்த ஓர் ஆய்வு 2000 ஆம் ஆண்டில் வெளிவந்தது. சோதித்த பெண்களில் கணிசமானவர்களுக்குச் செலீனியம் குறைவாக இருக்கலாம் என்று அது சொன்னது. கழுத்துக் கழலை அதிகமுள்ள கிராமங்களில் மட்டுமல்ல, இல்லாத கிராமங்களிலும் இப்படி இருந்தது. 1995 முதல் நம் நாட்டில் உப்பில் அயடின் சேர்க்கப்படுகிறது. அந்த அயடினைத் தைரொயிட் சரிவரப் பயன்படுத்தவும் செலீனியம் வேணும்.

வீட்டில் நாம் செய்யக்கூடியவை

1. சோறும் சம்பலும் மட்டும் என்றால் எல்லாம் அந்த வயல் மண்ணை நம்பித்தான். நெத்தலி, கருவாடு, டின் மீன், முட்டை, கோழி, ஈரல் இவற்றில் முடிந்ததைக் கொஞ்சமாவது சேருங்க. ஒரு முட்டையில் ஏறக்குறைய 15 மைக்ரோகிராம் உண்டு.

2. கோதுமை ரொட்டியிலும் செலீனியம் உண்டு. ஆனால் அதுவும் கோதுமை விளைந்த நாட்டு மண்ணைப் பொறுத்தது.

3. பல லயங்களில் முட்டையும் மீனும் முதலில் ஆம்பிளைகளுக்கும் பிள்ளைகளுக்கும் போகுது. மலையில் நாள் முழுக்கக் கொழுந்து எடுத்துவிட்டு வரும் அம்மா கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடுகிறாள். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும்தான் தேவை அதிகம் என்று மேலே படித்தோம். அவள் பங்கை முதலிலே எடுத்து வையுங்க. இதற்குக் காசு வேண்டாம், மனசு இருந்தால் போதும்.

4. பார்மசியில் செலீனிய மாத்திரையைச் சொந்தமாக வாங்கிப் போடாதீங்க. வீட்டுத் தோட்டத்துக்கும் அடிக்காதீங்க. டாக்டரைக் கேளுங்க.

வீட்டில் பேசிப் பாருங்க

நேற்று இரவு நம் வீட்டில் சோற்றோடு என்ன கறி இருந்தது? அதில் அம்மாவின் தட்டுக்கு எவ்வளவு போனது?