ஒற்றாடலும் ஒரு வீடியோ விளையாட்டும்

முன்னுரை

இலக்கியத்தை ஆராய்வது போலவே, இளைஞர் விரும்பி ஆடும் வீடியோ விளையாட்டையும் நிறை குறை கண்டு ஆராய்தல் தகும். ஆராயாது பழிப்பது ஆசிரியர்க்கு அழகன்று. ஜப்பானிய ஒற்று மறவராகிய நிஞ்சாக்களைத் தலைமக்களாகக் கொண்ட 'தென்ச்சு' 1998இல் வெளிவந்தது. அதனைத் தொடர்ந்து அக்வயர் நிறுவனம் உருவாக்கி, பிளேஸ்டேஷன் கருவிக்கென 2000இல் வெளிவந்த 'தென்ச்சு 2' என்னும் விளையாட்டை இங்குக் காண்போம்.

நிறைகள்

பொறுமையே இதன் தலையாய நிறை. கூரைமேல் பதுங்கி, காவலரின் நடையைக் கணித்து, அவர் முதுகு காட்டும் நொடிக்குக் காத்திருப்பவர் வெல்வர்; வாளுருவி முன்னே பாய்பவர் பெரும்பாலும் இடர்ப்படுவர். காலம் கருதி ஒடுங்கியிருத்தலுக்கு வள்ளுவர் கொக்கை உவமையாகக் கூறுகின்றார். காட்டுப்பள்ளியை அடுத்த கழிகளில் அசையாது நிற்கும் கொக்கைக் கண்டு வளர்ந்த நம் மாணவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

கதையமைப்பு அடுத்த நிறை. முதற்பகுதிக்கு முற்பட்ட காலத்து நிகழ்ச்சிகளை ரிக்கிமாரு, அயாமே, தட்சுமாரு என்னும் மூவர் வழியாக ஆடலாம். நினைவிழந்து பகைவருடன் சேரும் தட்சுமாருவின் பகுதியில், அதே போரைப் பகைப்புறத்திலிருந்து காண்கின்றோம். வீழ்த்திய உடலை இழுத்து மறைத்தல், நீரில் நீந்துதல், ஆடுகளத்தைத் தாமே அமைத்தல் ஆகியவை பிற சிறப்புகள்.

குறைகள்

குறுகிய இடங்களில் காட்சிக்கோணம் தடுமாறுகின்றது. தொலைவிலுள்ளவை இருளில் மறைவதால், கண்டறிய வேண்டிய ஒற்றன், பகைவரின் அண்மையைக் காட்டும் எண்ணையே நம்ப வேண்டியுள்ளது.

இவற்றினும் பெரிய குறை ஒன்றுண்டு. ஒற்றாடல் அதிகாரத்தின் பத்துக் குறளிலும் ஒற்றனின் தொழில் அறிதலே, கொலை அன்று. ஓர் ஒற்றன் கொணர்ந்த செய்தியை மற்றோர் ஒற்றனைக் கொண்டு ஆராய்ந்த பின்பே ஏற்க வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. தொல்காப்பியர் கூறும் வெட்சித் திணையில் 'வேய்' என்னும் ஒற்றுத் துறை உண்டு. ஊர்கொலையும் அங்கே உண்டு. ஆயினும், கவர்ந்த ஆநிரையை நோவின்றி ஓட்டிவருதலையும் அவர் ஒரு துறையாக வைத்தார். இவ்விளையாட்டிலோ மறைந்து கொன்றால் மதிப்பெண் மிகும். பணித்த தலைவனின் சொல்லை ஆராயும் வாய்ப்பு ஆடுபவர்க்கு இல்லை.

முடிவுரை

காத்திருக்கக் கற்பிக்கும் இவ்விளையாட்டு, எதற்காகக் காத்திருக்கின்றோம் என்று கேட்கக் கற்பிக்கவில்லை. அக்கேள்வியை இல்லத்தில் பெற்றோரும் வகுப்பறையில் நாமும் எழுப்புதல் வேண்டும். பிள்ளைகள் ஆடுவதை ஒருமுறையேனும் அருகிருந்து பார்த்தபின் எழுப்பினால், அது அவர்தம் செவியில் ஏறும்.