கவுண்ட் கம்மிதான், ஆனால் தாள் இழுக்கவில்லை

"ஆபீஸ்ல ஓடி ஓஞ்ச மிஷினையா வாங்கப் போறே?" பழைய லேசர் பிரிண்டர் வாங்கச் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குக் கிளம்பும்போதே வீட்டில் இந்தக் குரல் எழும். ஹெச்பி லேசர்ஜெட் 1020-க்கு நிறுவனம் சொல்லும் உச்சவரம்பு மாதம் 5,000 பக்கம். பிள்ளையின் ப்ராஜெக்ட், ஆதார் நகல் என்று வீட்டில் 50 பக்கம் போனாலே அதிகம். பயம் வேண்டாம்.

ஆனால் "கவுண்ட் (இதுவரை அடித்த பக்கங்களின் எண்ணிக்கை) கம்மியா இருந்தா நல்ல மிஷின்" என்பதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நானும் ஏமாந்தேன். வாங்கி வந்தது தாளைத் தொட்டுத் தொட்டு விட்டதே தவிர, உள்ளே இழுக்கவில்லை. வருஷக்கணக்கில் மூலையில் கிடந்ததில் பிக்கப் ரோலரின் ரப்பர் இறுகி வழவழவென்று ஆகியிருந்தது. ஓடாமல் இருந்தாலும் ரப்பருக்கு வயசாகும். இன்னொன்று: லேசர்ஜெட் 4200 மாதிரி பெரிய மிஷின்களில் 2,00,000 பக்கத்துக்கு ஒருமுறை ஃப்யூசர் (டோனரைச் சூட்டில் உருக்கித் தாளில் ஒட்டும் பகுதி), ரோலர் அடங்கிய கிட் மாற்ற வேண்டும். 1,90,000 ஓடி, கிட்டே மாற்றாததைவிட, மாற்றிவிட்டு 2,10,000-ல் நிற்பதை நான் எடுப்பேன்.

கடைக்காரர் ஒரு தாள் அடித்துக் காட்டுவார். இருபது தாள் கேளுங்கள். சூடாக வந்த எழுத்தை விரலால் தேய்த்தால் உதிர்கிறதா? கோளாறு பெரும்பாலும் ஃப்யூசரில்தான், அது செலவு. ஒரே இடைவெளியில் கறுப்புப் புள்ளி திரும்பத் திரும்ப வந்தால் ட்ரம்மைச் சந்தேகப்படலாம். 1020-ல் ட்ரம் 12ஏ கார்ட்ரிட்ஜுக்குள்ளேயே இருப்பதால் கார்ட்ரிட்ஜை மாற்றினால் முடிந்தது. பிரதர் மிஷின்களில் பெரும்பாலும் ட்ரம் தனி, காசும் தனி.

"சும்மா வெச்சா மை காஞ்சிடும்" என்பது இங்க்ஜெட் கதை. டோனர் பிளாஸ்டிக் பொடி, காய அதில் ஈரமே இல்லை. (சட்டையில் கொட்டினால் உதறிவிட்டுப் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். வெந்நீர் பட்டால் ஒட்டிக்கொள்ளும்.)

"இன்வெர்ட்டர்ல மாட்டிக்கலாம்" என்பார்கள். வேண்டாம். ஃப்யூசர் சூடேறும் அந்தச் சில நொடிகளில் இழுக்கிற கரண்டில் ட்யூப்லைட்டே கண் சிமிட்டும். நேரே சுவர் ப்ளக்கில் கொடுங்கள்.

"எந்தக் கம்ப்யூட்டர்லயும் ஓடும் சார்" என்றால் மட்டும் தலையாட்டிவிடாதீர்கள். 1020, கேனான் எல்பிபி2900 இரண்டுமே பக்கத்தைத் தயார் செய்யும் வேலையைக் கம்ப்யூட்டர் தலையில் கட்டுபவை. உங்கள் சிஸ்டத்துக்கு டிரைவர் கிடைக்காவிட்டால் பச்சை விளக்கு எரியும், தாள் வராது. அதனால் லேப்டாப்பையும் யூஎஸ்பி ஒயரையும் கையோடு கொண்டு போய், கடையிலேயே உங்கள் ஃபைல் ஒன்றை அடித்துப் பார்த்த பிறகு பேரத்தைத் தொடங்குங்கள்.