முதல் கையெழுத்து யாருடையது?

அன்புள்ள தங்கைக்கு,

எம்.பி.ஏ. முதலாண்டை முடித்த கையோடு, எட்டுப் பத்து வார இன்டர்ன்ஷிப்புக்காக லண்டன் சிட்டிக்குக் கிளம்புகிறாய். அங்கே உன் மேசைக்கு வரும் வேலையில் பெரும்பகுதி எக்செல்லாகவும் பவர்பாயிண்டாகவும்தான் இருக்கும். அதைச் சென்னையிலும் பெங்களூரிலும் உட்கார்ந்து செய்துகொண்டிருக்கிறார்கள். அப்படியென்றால் அவ்வளவு தூரம் போய்க் கற்க வேண்டியது என்ன? முன்பின் தெரியாதவர்கள் ஒருவர் சொல்லை ஒருவர் நம்பிப் பெரும்பணத்தைப் பணயம் வைக்கிறார்களே, அந்த நம்பிக்கை எப்படி உண்டாகிறது, எங்கே உடைகிறது என்பதைத்தான். அதை அருகிலிருந்து பார்ப்பதையே இந்தப் பயணத்தின் முதல் வேலையாக வைத்துக்கொள் என்பேன்.

லைம் தெருவில் லாயிட்ஸ் கட்டடம் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் எட்வர்ட் லாயிட் என்பவரின் காப்பிக்கடையில் கப்பல்காரர்களும் வணிகர்களும் கூடிப் பேசியதில் பிறந்த காப்பீட்டுச் சந்தை அது. குழாய்களும் லிஃப்டுகளும் வெளிப்புறம் தெரிய 1986இல் எழுந்த அந்தக் கட்டடத்துக்குள், காப்பீட்டின் பொறுப்பை ஏற்கும் அண்டர்ரைட்டர்கள் உட்காரும் மேசைக்கு இன்றைக்கும் ‘பாக்ஸ்’ என்றுதான் பெயர். ஒரு கப்பலுக்குக் காப்பீடு வேண்டும் என்றால், ஆபத்தின் விவரம் அடங்கிய ‘ஸ்லிப்’போடு புரோக்கர் அந்த மேசைக்கு வருகிறார். முதலில் ஒப்புக்கொள்பவர் ‘லீட்’. பிரீமியத்தையும் நிபந்தனைகளையும் பேசி முடிப்பவர் அவர். இத்தனை சதவீதம் என் பங்கு என்று எழுதி, முத்திரை குத்தி, அவர் கையெழுத்துப் போட்ட பிறகு அந்த ஸ்லிப் மேசை மேசையாகப் போய் நிரம்பும். விவரத்துக்குக் கீழே பெயர் எழுதுகிறவர் என்பதால்தான் அண்டர்ரைட்டர் என்ற சொல்லே வந்தது. இப்போது ஸ்லிப் கணினிக்குள் போய்விட்டாலும், பின்னால் வருகிறவர் முதலில் கவனிப்பது அந்த முதல் பெயரைத்தான். அந்தப் பெயரின் கனம் எப்படிச் சேர்ந்தது என்று கேட்டுப் பார். பல வருடம் நஷ்டஈட்டைத் தகராறில்லாமல் கொடுத்ததால் சேர்ந்தது என்பது தெரியவரும்.

இதெல்லாம் பழம்பெருமை, எல்லாம் திரைக்குள் வந்துவிட்டது என்பார்கள். அதற்கு என் பதில் லண்டன் மெட்டல் எக்ஸ்சேஞ்ச். 1877இல் தொடங்கிய சந்தை. சிலியின் செம்பும் மலாயாவின் தகரமும் கப்பலில் வந்துசேர ஏறக்குறைய மூன்று மாதம் பிடித்த காலத்தில் ஏற்பட்ட ‘மூன்று மாத விலை’ இன்றும் அங்கே நடப்பில் இருக்கிறது. சிவப்பு இருக்கைகள் வட்டமாகப் போட்ட ‘ரிங்’கில் குரல் கொடுத்து வியாபாரம் நடக்கும். கொரோனாவால் 2020இல் மூடிய ரிங்கை நிரந்தரமாகவே மூடிவிடலாமா என்று நிர்வாகம் கேட்டது. உறுப்பினர்களில் பலர் எதிர்த்தார்கள். 2021 செப்டம்பரில் அது மறுபடி திறந்தது. இறுதி விலை மட்டும் திரைக்குப் போனது. லாபத்தைக் கணக்குப் பார்க்கிற ஆட்கள் வெறும் ஏக்கத்துக்காக வாடகை கட்டமாட்டார்கள்.

நம்பிக்கையைப் புனிதமாக்கவும் நான் சொல்லவில்லை. அதே சந்தையில் 2022 மார்ச் 8ஆம் தேதி நிக்கல் விலை டன்னுக்கு 1 லட்சம் டாலரைத் தாண்டியபோது, வியாபாரத்தை நிறுத்தி, அன்று நடந்த பேரங்களையே ரத்து செய்தார்கள். லாபம் கண்டவர்கள் நீதிமன்றம் போனார்கள். லாயிட்ஸ் கட்டடம் நிற்கும் மனையில்தான் ஒருகாலத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமையகம் இருந்தது; சென்னப்பட்டணத்துக்கு உத்தரவுகள் அங்கிருந்து வந்தன. அடிமை வியாபாரத்தில் தன் பங்குக்காக லாயிட்ஸ் 2020இல் மன்னிப்புக் கேட்டது. மேசைக்கு இந்தப்பக்கம் உட்கார்ந்தவர்களுக்குள் இருந்த நாணயம், கப்பலின் அடித்தளத்தில் கட்டிப்போடப்பட்டவர்களுக்குக் கிடைக்கவில்லை. இதையும் சேர்த்துப் பார்க்காத வணிகப் படிப்பு அரைப் படிப்பு.

‘படிப்பு முடிந்ததும் வேலை என்ற ப்ரீ பிளேஸ்மென்ட் ஆஃபரை என் மேசை வேலையைப் பார்த்துத்தானே தருவார்கள்?’ என்று நீ கேட்பாய். நியாயமான பயம்தான், கல்விக்கடனின் தவணை காத்திருக்கிறது. வேலையில் குறை வைக்காதே. ஆனால் குறைவில்லாத வேலைக்கும் விடிய விடிய உட்கார்வதற்கும் சம்பந்தமில்லை. 2013இல் லண்டனில் ஒரு வங்கியில் பயிற்சியிலிருந்த 21 வயது ஜெர்மன் மாணவர் வலிப்பு வந்து இறந்தார். களைப்பு காரணமாக இருந்திருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றது மரண விசாரணை. 2015இல் கோல்ட்மன் சாக்ஸ் வங்கி, பயிற்சி மாணவர்கள் நள்ளிரவு முதல் காலை ஏழு மணி வரை அலுவலகத்தில் இருக்கக் கூடாது என்றது. அதாவது 17 மணி நேரம் இருக்கலாம்! அதை உனக்கான அளவாக எடுத்துக்கொள்ளாதே, தங்கச்சி. தூக்கம் கெட்ட கண்ணுக்கு எக்செல் பிழையும் தெரியாது, எதிரில் இருப்பவர் தயங்குவதும் தெரியாது.

லாயிட்ஸ் இருக்கும் லைம் தெருவுக்கும் மெட்டல் எக்ஸ்சேஞ்ச் இருக்கும் ஃபின்ஸ்பரி சதுக்கத்துக்கும் நடுவே நடந்தே போய்விடலாம். சாப்பாட்டு வேளையில், உன் குழுவில் அங்கே போய்வருகிற யாராவது இருந்தால் கூடப் போகக் கேள். உன் மேசைக்கு வரும் ஒவ்வொரு ஒப்பந்தத்திலும் எண்களுக்கு முன்னால் ஒன்றைத் தேடு: இதில் முதலில் கையெழுத்துப் போட்டவர் யார், மற்றவர்கள் ஏன் அவர் பின்னால் வந்தார்கள்? பதில் தெரியாவிட்டால் பக்கத்து இருக்கைக்காரரைக் கேள். முதல் வாரத்திலேயே கேள். புதியவள் கேட்பதை அப்போது யாரும் குறையாக நினைக்கமாட்டார்கள்.

அன்புடன்,
உன் அக்கா