செமஸ்டரைச் சமாளிக்க ஒரு எக்ஸெல் ஷீட்

பிள்ளை கல்லூரியில் சேர்ந்துவிட்டான் என்று கம்ப்யூட்டர் வாங்கும் வீடுகள் நம் பக்கம் அதிகம். வாங்கிய பிறகு அதில் ஓடுவது என்னவோ சினிமாவும் கேமும்தான். அசைன்மென்ட் தேதியும் அட்டென்டன்ஸ் கணக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் கிறுக்கலாகவே கிடக்கும். அந்தக் கிறுக்கலைக் கம்ப்யூட்டருக்குள் கொண்டுவருவது எப்படி என்று இந்தக் கட்டுரையில் பார்ப்போம். எக்ஸெல் இருந்தால் போதும். இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் தொகுப்பைப் பயன்படுத்தலாம்.

புதிய ஷீட் ஒன்றைத் திறக்கவும். முதல் வரிசையில் ஏ1 முதல் எஃப்1 வரை பாடம், வேலை, கடைசித் தேதி, மீதி நாள், தேவைப்படும் மணி, முடிந்ததா என்று தலைப்புகளை டைப் செய்யவும். இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு வேலைக்கு ஒரு வரிசை. மீதி நாளை நாம் கணக்குப் போட வேண்டாம். டி2 செல்லில் சமக்குறி இட்டு, சி2, கழித்தல் குறி, அடுத்து டுடே என்று டைப் செய்து, திறந்து மூடிய அடைப்புக்குறி போட்டு என்டர் தட்டவும் (செல் பெயர், பார்முலா எல்லாம் ஆங்கில எழுத்துகளில்). விடை எண்ணாக வராமல் 1900-ஆம் வருடத் தேதி ஒன்று வந்தால் பயப்பட வேண்டாம். அந்த செல்லில் கர்சரை வைத்து கன்ட்ரோல் + 1 அழுத்தி, கிடைக்கும் விண்டோவில் ஜெனரல் என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். பிறகு செல்லின் வலது கீழ் மூலையைப் பிடித்துக் கீழே இழுத்தால் மற்ற வரிசைகளுக்கும் பார்முலா வந்துவிடும்.

இங்கே ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. நான் அதில் விழுந்தவன். 2017-ல் மூன்றாவது செமஸ்டர். கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டுத் தறிக்குடோனை ஒட்டிய அறையில், செகண்ட் ஹேண்டில் வாங்கிய லேப்டாப்பில் இதே போன்ற ஷீட் போட்டிருந்தேன். லேப் ரெக்கார்டு வைக்க வேண்டிய நாள் செப்டம்பர் 11. ஆகஸ்ட் 28 அன்று 11/9/2017 என்று டைப் செய்தேன். மீதி 73 நாள் என்று காட்டியது. அப்பாடா என்று விட்டுவிட்டேன். உண்மையில் இருந்தது 14 நாள். லேப்டாப் அமெரிக்க முறையில் செட் செய்யப்பட்டிருந்ததால், மாதத்தை முதலில் படித்து அதை நவம்பர் 9 என்று எடுத்துக்கொண்டது. பக்கத்து பெஞ்சு நண்பன் ரெக்கார்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோதுதான் விஷயம் தெரிந்தது. அந்த லேப்பில் போன இன்டர்னல் மார்க் போனதுதான்.

25/9 என்று கொடுத்திருந்தால் தப்பித்திருப்பேன். 25-ஆம் மாதம் கிடையாது என்பதால் எக்ஸெல் அதைத் தேதியாக ஏற்காமல் செல்லின் இடப்பக்கம் ஒட்டி வைக்கும்; மீதி நாள் செல்லில் பிழைச் செய்தி வரும். 12-ஆம் தேதி வரைதான் இந்தத் திருட்டுத்தனம் சத்தமில்லாமல் நடக்கும்.

சரிசெய்ய, கண்ட்ரோல் பேனலில் ரீஜன் திறந்து, பார்மட் பட்டியலில் இங்கிலீஷ் (இந்தியா) என்பதைத் தேர்ந்தெடுத்து ஓகே கொடுங்கள். லிப்ரே ஆபீஸ் என்றால் டூல்ஸ், ஆப்ஷன்ஸ் சென்று மொழிக்கான பிரிவில் லொகேல் என்பதை மாற்றவும். ஏற்கெனவே தவறாகப் பதிந்த தேதிகள் இதனால் திருந்தாது. அவற்றைத் திரும்ப டைப் செய்ய வேண்டும். கையோடு, கன்ட்ரோல் + 1 கொடுத்து மாதத்தின் பெயர் எழுத்தில் தெரியும் தேதி வடிவத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் பிறகு குழப்பமே வராது. பழைய லேப்டாப்பாக இருந்தால் டாஸ்க்பாரில் இன்றைய தேதி சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். டுடே பார்முலா அதைத்தான் நம்புகிறது.

தேதி வரிசைப்படுத்த, சி காலத்தில் ஏதாவது ஒரு செல்லில் மட்டும் கிளிக் செய்து, டேட்டா டேபில் சார்ட் பட்டனை அழுத்தவும். முழுக் காலத்தையும் செலக்ட் செய்துவிட்டு சார்ட் செய்தால், எக்ஸெல் கேட்கும் கேள்விக்குத் தவறான பதில் கொடுத்துத் தேதிகள் மட்டும் இடம் மாறிவிடும் ஆபத்து உண்டு. அப்படி ஆனால் உடனே கன்ட்ரோல் + இசட்.

அடுத்து மணிக் கணக்கு. இந்த வாரத்து வேலைகளின் மணி செல்களை மவுஸால் இழுத்துச் செலக்ட் செய்தால் கூட்டுத்தொகை கீழே ஸ்டேட்டஸ் பாரில் தெரியும். எனக்கு பஸ் பயணம், தறி வேலை போக வார நாளில் இரண்டரை மணி நேரம், ஞாயிறு 6 மணி நேரம், ஆக 21 கிடைத்தது. பட்டியல் 26 காட்டினால் 5 மணி நேர வேலையை விட்டுக்கொடுக்க வேண்டும். எதை?

இதற்கு மார்க் தெரிய வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷன்படி, இணைப்புக் கல்லூரிகளில் தியரி பாடத்துக்கு இன்டர்னல் 40, செமஸ்டர் தேர்வு 60. லேப் என்றால் இன்டர்னல் 60, தேர்வு 40. பாஸாக மொத்தம் 50, அதோடு தேர்வில் குறைந்தது 45 சதவீதம் வேண்டும். தியரி தேர்வில் 100-க்கு 45 எடுத்தால் அது 27 ஆகும். மீதி 23 இன்டர்னலிலிருந்து வர வேண்டும். இன்டர்னல் 15-தான் என்றால் தேர்வில் 100-க்கு 59 எடுத்தாக வேண்டும். ஆகவே 3 மணி நேர அசைன்மென்ட்டை அலட்சியமாக விடாதீர்கள். நான் முதலில் கைவைப்பது பிபிடி ஸ்லைடுகளுக்குக் கலர் அடிக்கும் நேரத்தில்தான்!

அட்டென்டன்ஸுக்கு இன்னொரு ஷீட். ரெகுலேஷன்படி ஒரு செமஸ்டர் சாதாரணமாக 75 வேலை நாட்கள் அல்லது 540 பீரியட். 75 சதவீதம் என்றால் 405; விடக்கூடியது 135. ஏ2-வில் இதுவரை நடந்த பீரியட், பி2-வில் நீங்கள் இருந்த பீரியட். சி2-வில் சமக்குறி போட்டு 135-ஏ2+பி2 என்று கொடுங்கள். நடந்தது 240, இருந்தது 186 என்றால் விடை 81. சதவீதம் 77.5, நிலைமை ஒன்றும் மோசமில்லை. ஆனால் 81 பீரியட் என்பது ஏறத்தாழ 11 நாள்தான். ஒரு அம்மை வந்தால் போய்விடும். செமஸ்டர் நாட்கள் குறைந்தால் 135-ம் குறையும் என்பதையும், உங்கள் கல்லூரி மொத்தமாகக் கணக்கிடுகிறதா, பாடவாரியாகவா என்பதையும் முதல் வாரமே அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கன்ட்ரோல் + எஸ் அழுத்தி சேவ் செய்து, வாரம் ஒருமுறை பைலைப் பென் டிரைவிலும் காப்பி செய்யவும். தினமும் வேண்டாம், ஞாயிறு இரவு பத்து நிமிடம் ஷீட்டைத் திறந்து முடிந்த வேலைகளைக் குறித்தால் போதும். சூலூர் பஸ்ஸில் நின்றுகொண்டு போனில் திறந்து பார்ப்பவர்களும் இருக்கிறார்கள்; சின்னத் திரையில் விரல் பட்டுப் பார்முலா அழியும், கவனம்.