காடும் சட்டமும்

பாலையூற்று என்னும் பெயரில் மரமும் நீரும் ஒருங்கே உள்ளன. பாலை, முதிரை, வீரை, கருங்காலி ஆகியன திருகோணமலைப் பகுதியின் உலர்வலயக் காடுகளுக்குரிய மரங்கள். அக்காடுகளைக் காக்கும் சட்டத்தை ஈண்டு சிறிது ஆராய்வோம்.

இலங்கையின் காட்டுக் கட்டளைச் சட்டம் 1907ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கத்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் எழுந்த அச்சட்டம் மரத்தை அரசின் வருவாயாகவே பெரிதும் கண்டது. 1988ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் சிங்கராசவனத்திற்கு அரணாயிற்று. 2009ஆம் ஆண்டின் 65ஆம் இலக்கத் திருத்தம் அருகிவரும் உயிர்களின் உறைவிடங்களைப் பாதுகாப்புக் காடுகளாகப் பிரகடனஞ் செய்ய வழிவகுத்தது, தண்டங்களையும் உயர்த்தியது.

எனினும் ஒரு குறை நின்றது. வர்த்தமானியில் அறிவிக்கப்படாத ஏனைய அரச காடுகளை 2001இல் ஒரு சுற்றறிக்கை வனத் திணைக்களத்திடம் ஒப்புவித்தது. 2020இல் மற்றொரு சுற்றறிக்கை அதனை நீக்கி, மாவட்ட, பிரதேச செயலாளர்களிடம் கையளித்தது. சுற்றறிக்கையால் வந்த காவல் சுற்றறிக்கையாலேயே போயிற்று.

மறுபுறமும் நோக்குதல் வேண்டும். வடக்கிலும் கிழக்கிலும் போரினால் இடம்பெயர்ந்தோர் விட்டுச்சென்ற வயல்கள் பற்றை மண்டின. மீண்டு வந்தோருட் பலர், தம் நிலம் காட்டெல்லைக்குள் அடங்கியிருக்கக் கண்டனர். காட்டைக் காக்கும் சட்டம் உழவனைக் கள்வனாக்குதல் முறையன்று.

ஆதலின், எல்லையை ஊரவர் முன்னிலையில் அளந்து, உரிமை கோருவோர் சொற்கேட்டு, அதன்பின்னரே வர்த்தமானியில் அறிவித்தல் வேண்டும். அங்ஙனம் வரைந்த எல்லையை ஓர் அலுவலகக் கடிதம் அழித்தல் இயலாது. ஊரவரும் அதனைத் தமதெனக் காப்பர். நாளை நிருவாகிகளாகவும் வழக்கறிஞராகவும் விளங்கவிருக்கும் எம் மாணாக்கர் இதனை உளங்கொள்வாராக.