உங்கள் வீட்டில் முதல் கிறிஸ்துமஸ்: நவம்பர் கடைசி முதல் ஜனவரி 6 வரை ஒரு முழுமையான வழிகாட்டி

தலைக் கிறிஸ்துமஸ் பெரும்பாலும் பெண் வீட்டில் நடந்து முடிந்துவிடும். மாப்பிள்ளைக்கு உடுப்பு, விருந்து, உறவுக்காரர் வீடுகளுக்குப் போய்வருவது எல்லாம் பெரியவர்கள் பாடு. அடுத்த வருடம்தான் சோதனை. சென்னையிலோ கோவையிலோ வாடகை வீடு, இரண்டு பேருக்கும் வேலை, ஊருக்குப் போக லீவு கிடையாது. அச்சு முறுக்குக்கு மாவு எந்தப் பதம், கேரல் ரவுண்ட்ஸ் வந்தால் கையில் எவ்வளவு கொடுப்பது, குடிலுக்குப் புல் எங்கே கிடைக்கும் என்று அம்மாவுக்குப் போன் மேல் போன் பறக்கும். அப்படித் தவிக்கிற தம்பதிகளுக்காக எழுதியது இது. நான் திருநெல்வேலிப் பக்கத்துக்காரி. அதனால் இதில் வரும் வழக்கங்கள் தெற்கத்தி சி.எஸ்.ஐ., கத்தோலிக்க வீடுகளை ஒட்டியவை. உங்கள் ஊர் வழக்கம் வேறாக இருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றே ஒன்றை மட்டும் பிடிவாதமாகச் சொல்வேன். 24-ம் தேதி மாலை ஆறு மணிக்குள் அடுப்பை அணைத்துவிட வேண்டும். மற்ற எல்லா வேலைக்கும் அங்கிருந்து பின்னோக்கி நாள் குறியுங்கள். ஆலயத்துக்குப் போகிற நேரத்தில் எண்ணெய்ச் சட்டியோடு நிற்கிற பெண்களை நிறையப் பார்த்தாகிவிட்டது.

படி 1: நாள் குறிப்பதும் பணம் ஒதுக்குவதும்

திருவருகைக் காலம் நவம்பர் 30-க்கு மிக அருகில் வரும் ஞாயிறன்று தொடங்கும். அதாவது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் நடுவில். கிறிஸ்துமஸுக்கு முன் நான்கு ஞாயிறுகள். இந்த நாட்களில் கத்தோலிக்க ஆலயங்களில் குருவின் உடை ஊதா நிறம். மூன்றாம் ஞாயிறு மட்டும் இளஞ்சிவப்பு. வீட்டிலும் நான்கு மெழுகுவர்த்தி வைத்து வாரத்துக்கு ஒன்றாக ஏற்றினால், இன்னும் எத்தனை வாரம் என்று குழந்தைகளுக்கு நாள்காட்டி பார்க்காமலே தெரிந்துவிடும்.

பணத்தைப் பொறுத்தவரை நம் நாட்டில் போனஸ் தீபாவளிக்குத்தான் வருகிறது. டிசம்பரில் வெறும் சம்பளம்தான். ஆகவே துணிமணியைத் தீபாவளித் தள்ளுபடியிலேயே எடுத்து வைத்துவிடுவது புத்திசாலித்தனம். பிளவுஸ் தைக்க வேண்டுமானால் நவம்பரிலேயே டெய்லரிடம் கொடுங்கள். டிசம்பர் பிறந்துவிட்டால் கிறிஸ்தவர்கள் அதிகமுள்ள தெருக்களில் அவர் முகத்தைப் பார்க்கவே முடியாது. வீட்டு வேலைக்கு வருகிற அக்காவுக்கும் ஒரு சேலை இந்தக் கணக்கிலேயே சேரட்டும். கடைசியில் மிஞ்சும் காசில் வாங்கினால் அது பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

படி 2: ஸ்டார், மரம், குடில்

டிசம்பர் முதல் தேதி ஸ்டார் தொங்க வேண்டும். அது வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் காகித ஸ்டாரைத் திறந்த பால்கனியில் கட்டினால் ஒரே மழையில் கூழாகிவிடும். கூரைக்கு உட்புறமாகக் கட்டுங்கள். இல்லையென்றால் பிளாஸ்டிக் ஸ்டார் வாங்குங்கள். உள்ளே சிறிய எல்.இ.டி. பல்பு போதும். பழைய குண்டு பல்பின் சூட்டில் காகிதம் கருகும். வயரில் இணைப்பு இருந்தால் அங்கே மழை படாதபடி டேப் சுற்றுங்கள்.

மரத்துக்குக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் மரம்தான் வேண்டுமென்பதில்லை. ஒரு சவுக்குக் கிளையை வாளியில் ஈர மணல் போட்டு நட்டால் நம் ஊர் கிறிஸ்துமஸ் மரம் ஆயிற்று. ஆனால் பத்து நாளில் காய்ந்து உதிரும் என்பதால் 20-ம் தேதிக்கு மேல் கொண்டுவாருங்கள்.

குடில்தான் வீட்டுக்குள் நடக்கிற பெரிய வேலை. 1223-ல் அசிசியின் பிரான்சிஸ் இத்தாலியின் கிரேச்சோ ஊரில் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, வைக்கோல் போட்ட முன்னணையை மக்களுக்குக் காட்டினார் என்பார்கள். வீட்டுக் குடில்கள் அந்த வழியில் வந்தவை. பொம்மைகளுக்கு மதுரைப் பக்கம் விளாச்சேரி பெயர்பெற்ற ஊர். நவராத்திரிக்குக் கொலு பொம்மை செய்கிற கைகளே அங்கே மரியாளையும் சூசையப்பரையும் இடையர்களையும் செய்கின்றன.

பாறைக்குப் பழுப்புக் காகிதத்தைக் கசக்கி விரித்து, அங்கங்கே கறுப்புச் சாயம் தெளித்தால் போதும். புல் விஷயத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். கடையில் விற்கும் பச்சைப் பாயை விட்டுவிடுங்கள். 14-ம் தேதி இரவு ஒரு கைப்பிடி கேழ்வரகை ஊறவையுங்கள். மறுநாள் ஒரு தட்டில் விரல் மொத்தத்துக்கு மண் பரப்பி, நெருக்கமாகத் தூவி, ஈரத்துணியால் மூடுங்கள். முளை தலைகாட்டியதும் துணியை எடுத்து, காலை மாலை தண்ணீரை ஊற்றாமல் கையால் தெளியுங்கள். 24-ம் தேதிக்குள் அசல் வயல்போல் பச்சையாக நிற்கும். தண்ணீர் தெளிக்கிற வேலையைக் குழந்தையிடம் கொடுத்துவிடுங்கள். பக்கத்து வீட்டு முளைப்பாரியைப் பார்த்திருக்கும் பிள்ளைக்கு விளக்கம்கூடத் தேவையில்லை.

இரண்டு விதிகளை மறக்க வேண்டாம். பாலகன் பொம்மை 24-ம் தேதி இரவுதான் முன்னணையில் ஏறும். அதுவரை முன்னணை காலி. வைக்கோல் இருக்கிற இடத்தில் மெழுகுவர்த்தி கூடவே கூடாது.

படி 3: குடும்ப ஜெபத்துக்கு ஒரு நேரம்

புதிதாகக் குடும்பம் நடத்துகிறவர்களுக்குக் கடினமான படி இதுதான். இதற்குக் கடையில் எதுவும் கிடைக்காது. பெரியவர்கள் இருந்த வீட்டில் யாராவது ஒருவர் பாயை விரிப்பார், மற்றவர்கள் வந்து உட்காருவார்கள். இப்போது பாய் விரிக்கிற ஆள் நீங்கள்.

எளிய வழி லூக்கா நற்செய்தி. அதில் 24 அதிகாரங்கள். டிசம்பர் 1 தொடங்கி நாளுக்கு ஒன்றாக வாசித்தால் 24-ம் தேதி முடியும். முதல் அதிகாரம் 80 வசனம். இரண்டு பேர் மாறி மாறி வாசியுங்கள். இயேசுவின் பிறப்பு இரண்டாம் நாளே வந்துவிடும். 23-ம் தேதி, டின் நிறைய முறுக்கு காத்திருக்கும்போது, சிலுவை மரணத்தை வாசிக்க வேண்டியிருக்கும். சிலருக்கு இது பொருத்தமில்லாமல் படலாம். எனக்கு இது இந்த முறையின் சிறப்பாகவே தெரிகிறது. 24-ம் தேதி உயிர்த்தெழுதலை முடித்துவிட்டு, திரும்ப இரண்டாம் அதிகாரத்தின் முதல் 20 வசனங்களுக்கு வாருங்கள்.

பதினைந்து நிமிடம் போதும். ஒரு பாட்டு, ஒரு அதிகாரம், ஒரு சிறிய ஜெபம். பாட்டுக்கு யூடியூபைத் திறக்காதீர்கள், திறந்தால் வேறெங்கோ போய் நிற்பீர்கள். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) எழுதிய கீர்த்தனைகளில் ஒன்றிரண்டு எல்லார் வீட்டுப் பாட்டிக்கும் மனப்பாடம். போனில் பாடச் சொல்லிக் கற்றுக்கொள்ளுங்கள். ராகம் கொஞ்சம் பிசகினாலும் பரவாயில்லை.

படி 4: பலகாரம்: இரண்டு போதும்

அம்மா ஏழு வகை சுட்டார் என்றால், அவரோடு இரண்டு சித்திகளும் ஓர் அத்தையும் உட்கார்ந்து சுட்டார்கள். நீங்கள் தனியாள். ஒரு இனிப்பும் ஒரு முறுக்கும் போதும், மிச்சத்தைக் கடையில் வாங்கலாம். தூத்துக்குடிக்காரர்கள் மக்ரூனை வீட்டில் செய்ய மெனக்கெடாமல் பேக்கரியில்தான் வாங்குகிறார்கள். அதில் ஒரு வெட்கமும் இல்லை.

நாகர்கோவில் வீடுகளில் முந்திரிக்கொத்து இல்லாமல் கிறிஸ்துமஸ் இல்லை. பாசிப்பயறு அரைக் கிலோவைச் சிவக்க வறுத்துத் திரித்து, வறுத்த தேங்காய்த்துருவல், எள், ஏலக்காய் சேர்த்து, ஏறக்குறைய 400 கிராம் வெல்லத்தின் பாகில் உருட்டி, மஞ்சள் கலந்த அரிசிமாவுக் கரைசலில் மூன்று மூன்றாகத் தோய்த்துப் பொரிப்பது. உருண்டைகளை ஒரு இரவு உலரவிட்டால் எண்ணெயில் பிரியாது.

அச்சு முறுக்கைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். புதியவர்கள் அதிகம் தோற்பது இதில்தான். இரண்டு தம்ளர் பச்சரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, கை ஈரம் இருக்கும்போதே திரித்துச் சலியுங்கள். முக்கால் தம்ளர் சர்க்கரை, இரண்டு முட்டை, ஒரு சிட்டிகை உப்பு, கறுப்பு எள், கெட்டித் தேங்காய்ப்பால். மாவு தோசை மாவுப் பதத்தில் அச்சில் ஒட்டி நிற்க வேண்டும்.

புது அச்சு என்றால் முந்தின நாளே அரிசிக் கஞ்சித் தண்ணீரில் போட்டுவைத்து, துடைத்து, எண்ணெயில் ஒருமுறை காயவிடுங்கள். சுடும்போது அச்சு எண்ணெய்க்குள்ளேயே இருந்து சூடேற வேண்டும். சூடான அச்சை மாவில் முக்கால் பங்குதான் இறக்க வேண்டும். மேல் விளிம்பு மாவுக்குள் மூழ்கினால் முறுக்கு அச்சை விட்டுக் கழலவே கழலாது. மாவில் தொட்டதும் சுர்ரென்று ஒரு சத்தம் வரும். சத்தம் வரவில்லையென்றால் அச்சு சூடு போதாது, மாவு வழுக்கிக் கீழே இறங்கிவிடும். எண்ணெயில் பிடித்துச் சில நொடியில் இலேசாக ஆட்டினால் தானாகக் கழலும். முதல் நான்கைந்து சரியாக வராது. சுடுகிறவர் வாயில் போட்டுக்கொள்வதற்கென்று விதிக்கப்பட்டவை அவை.

எல்லாம் 20-ம் தேதிக்குள் டின்னுக்குள் போகட்டும். டின் அலமாரியின் மேல்தட்டில் இருக்கட்டும், பிள்ளைகளுக்குப் பயந்து மட்டுமல்ல. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் கொட்டிய மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி, திருநெல்வேலியில் எத்தனையோ வீடுகளில் தண்ணீர் புகுந்த மறு வாரம்தான் கிறிஸ்துமஸ் வந்தது.

படி 5: கேக்

மைதா, வெண்ணெய், சர்க்கரை மூன்றும் தலா 200 கிராம், முட்டை நான்கு, ஊறிய உலர்பழங்கள் 300 கிராம். கறுப்பு நிறத்துக்கு 100 கிராம் சர்க்கரையைத் தனியாக உருக்கி, அடர்பழுப்பானதும் சுடுதண்ணீர் ஊற்றுங்கள். முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், ஆவி பாய்ந்து வரும். ஓவனில் 160 டிகிரி, ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பழத்தை ரம்மில் ஊறவைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். ஆரஞ்சுச் சாறு என்றால் ஃபிரிட்ஜில் வைத்து மூன்று நான்கு நாளில் பயன்படுத்திவிடுங்கள், இல்லையென்றால் புளித்துவிடும்.

படி 6: கீத பவனி வரும் இரவு

கேரல் ரவுண்ட்ஸ் உங்கள் ஏரியாவுக்கு எந்தத் தேதி என்பதை ஆலயத்தில் முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். எந்த நேரம் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது. இரவு பத்து என்றால் பன்னிரண்டரை என்று வைத்துக்கொள்ளுங்கள். வாசல் விளக்கு எரியட்டும். ஒரு பாட்டு, ஒரு ஜெபம், கிறிஸ்துமஸ் தாத்தாவின் மிட்டாய், அவ்வளவுதான். காணிக்கையை உறையில் போட்டு வையுங்கள். தொகை உங்கள் வசதி, யாரும் எண்ணிப் பார்க்கப் போவதில்லை. பத்து வீட்டில் பாடிய தொண்டைக்கு ஒரு பெரிய பிளாஸ்க் நிறையச் சுக்குக் காப்பி, காணிக்கையைவிடப் பெரிய உபகாரம். அடுக்குமாடி என்றால் செக்யூரிட்டி அண்ணனிடமும் பக்கத்து வீட்டிலும் அன்று மாலையே சொல்லிவையுங்கள், டிரம் சத்தத்தில் அவர்கள் பதறி எழக் கூடாது.

படி 7: யார் வீட்டுக்கு என்ன தட்டு

தீபாவளிக்கும் பெருநாளுக்கும் உங்கள் வீட்டுக்குத் தட்டு வந்திருக்கும், இது உங்கள் முறை. ஆனால் டிசம்பர் இரண்டாம் பாதி மார்கழி. ஐயப்பனுக்கு மாலை போட்டவர்கள் மண்டல பூஜை வரை விரதம். அந்த வீடுகளுக்கு முட்டை சேர்ந்த கேக்கும் அச்சு முறுக்கும் வேண்டாம். ஒரு சீப்பு வாழைப்பழம், ஆப்பிள், முந்திரிக்கொத்து. வெளிச் சமையல் எடுத்துக்கொள்ளாதவர்கள் என்றால் பழம் மட்டும். இஸ்லாமிய வீட்டுக்கு ரம் சேர்ந்த கேக் போகக் கூடாது. குழப்பமே வேண்டாமென்றால் எல்லாவற்றையும் ஆரஞ்சுச் சாற்றிலேயே ஊறவைத்துவிடுங்கள்.

அந்த வருடம் மரணம் நடந்த வீடு தனி. அங்கே ஸ்டார் கட்டியிருக்க மாட்டார்கள், பலகாரம் சுட்டிருக்க மாட்டார்கள். ‘ஹேப்பி கிறிஸ்துமஸ்’ என்று வாட்ஸப் அனுப்பாதீர்கள். 24-ம் தேதிக்கு முன்பே நேரில் போய், கொஞ்ச நேரம் உட்கார்ந்து, போனவரைப் பற்றிப் பேசிவிட்டு, பலகாரத்தைப் பிள்ளைகள் கையில் கொடுத்துவிட்டு வாருங்கள்.

படி 8: 24 இரவும் 25 காலையும்

ஒருவர் கத்தோலிக்கர், இன்னொருவர் சி.எஸ்.ஐ. என்றால் நள்ளிரவுத் திருப்பலியா அதிகாலை ஆராதனையா என்ற பேச்சு வரும். கைக்குழந்தை இருந்தால் இரண்டுக்கும் போக முயலாதீர்கள். வருடம் ஒன்றாக மாற்றிக்கொள்ளுங்கள், இந்த வருடம் எது என்பதை நவம்பரிலேயே முடிவு செய்யுங்கள். உடுப்புகள் இஸ்திரி போட்டு ஆணியில் தொங்க வேண்டும். காலை இட்லிக்கு மாவு பொங்கியிருக்க வேண்டும். கறியைக் கழுவி மசாலா தடவி ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால், ஆலயத்திலிருந்து வந்ததும் குழம்பு ஒரு மணி நேர வேலை. மதியப் பிரியாணி வீட்டுக்காரர் பொறுப்பு. அவருக்குத் தெரியாது என்றால் அதற்குத்தான் டிசம்பரில் இத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் இருக்கின்றன.

மாமனார் மாமியாருக்கும் அப்பா அம்மாவுக்கும் ஆலயத்திலிருந்து வந்ததும் வீடியோ கால். சாப்பிட்டு முடித்துப் பேசலாம் என்று விட்டால் தூங்கிவிடுவீர்கள்.

படி 9: 31 இரவும், ஜனவரி 6-ம்

வருடக் கடைசி இரவு ஆராதனையில் பல ஆலயங்களில் வாக்குத்தத்த வசன அட்டை எடுப்பார்கள். அதை வீட்டில் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். ஜனவரி 6 மூன்று ராஜாக்கள் திருநாள். அதுவரை ஸ்டாரையும் குடிலையும் கழற்ற வேண்டாம். பிறகு பொம்மைகளைத் தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றி, பாலகனைத் தனிச் சிறு டப்பாவில் வையுங்கள். வருடா வருடம் தொலைவது அதுதான். சீரியல் லைட் வயரை அட்டையில் சுற்றுங்கள். அச்சு முறுக்கு அச்சைச் சோப்புப் போட்டுக் கழுவினால் அடுத்த டிசம்பரில் ஒட்டும். துணியால் துடைத்து, எண்ணெய் தடவி, காகிதத்தில் பொதிந்து, ஸ்டார் பெட்டிக்குள்ளேயே போட்டுவிடுங்கள்.